மெழுகுத் தாளில் ஒரு வியாபாரம்

நான்கு வருடத்துக்கு ஒருமுறை வாடிக்கையாளர் கூட்டமே மாறிப்போகும் ஊரில் ஒரு கடை எத்தனை காலம் தாக்குப் பிடிக்கும்? அமெரிக்காவில், மிசூரி மாநிலத்துக் கொலம்பியா நகரில், ‘பூச்சஸ்’ என்னும் பில்லியர்ட்ஸ் கூடம் 1884-ல் தொடங்கப்பட்டது. ‘பூச்’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட வெனபிள் என்பவர் அதன் முதல் உரிமையாளர். கடை சில இடங்கள் மாறி, ஒன்பதாவது தெருவில் நிலைகொண்டது. 1839-ல் நிறுவப்பட்ட மிசூரிப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது.

பச்சைத் துணி விரித்த மேஜையில், நீண்ட கோலால் பந்தைக் குத்திக் குழியில் தள்ளும் ஆட்டம் இது. இதில் ஒரு சங்கடம் உண்டு. மேஜை இடத்தை அடைக்கும்; ஆடுவதோ இரண்டு பேர், நான்கு பேர். ஆட்டக் கட்டணம் ஒன்றையே நம்பினால் இட வாடகை கட்டுபடியாகாது. ஆனால் ஆட வந்தவன் நெடுநேரம் நிற்பான், அவனுக்குப் பசிக்கும். அங்கேதான் பர்கர் வருகிறது. அந்நாட்டு வழக்கப்படி மாட்டிறைச்சியை வட்டமாகத் தட்டி வாட்டி, மெத்தென்ற ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பது. பூச்சஸ் பர்கர் அளவில் சிறியது. ஆகவே ஒருவர் இரண்டு, மூன்று என்று கேட்பார். தட்டு கிடையாது, மெழுகுத் தாள்தான். கழுவ ஆள் வேண்டாம், உடைசல் நஷ்டமும் இல்லை. எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கும் கிடையாது. வேண்டுமானால் பாக்கெட் சிப்ஸ். சரக்கு வகை குறைந்தால் இருப்பும் தேங்காது, கழிவும் குறையும். நாமாக இருந்தால் இதற்குள் பத்து அயிட்டம் சேர்த்திருப்போம்!

வியாபாரமும் ரொக்கத்துக்கே நடந்து வந்தது. படிப்பு முடிந்ததும் ஊரைவிட்டுப் போகும் மாணவனுக்குப் பற்று எழுதினால் யாரிடம் போய் வசூலிப்பது?

1920 முதல் 1933 வரை நாடெங்கும் மதுவிலக்கு. பீர் விற்க வழியில்லாத அந்த ஆண்டுகளையும் கடை தாண்டியது. கோடை விடுமுறையில் கல்லூரி ஊர் வெறிச்சோடும். அப்போது உள்ளூர்க்காரர்களே ஆதாரம். இலையுதிர் காலத்தில் பல்கலைக்கழகக் கால்பந்து ஆட்டம் நடக்கும் நாட்களில் பழைய மாணவர்கள் ஊர் திரும்புகிறார்கள். தாம் படித்த காலத்தில் தின்ற அதே பர்கர், அதே தாளில் வேண்டும் அவர்களுக்கு. அதனால்தான் புதுமை செய்யாததே அங்கே முதலாக நிற்கிறது என்பது என் கணிப்பு.

பழமையிலும் ஒரு குறை இருந்தது. வெகுகாலம் அங்கே ஆண்களுக்கு மட்டுமே இடம், பெண்களுக்கு அனுமதியில்லை. அதே ஊரில் ஸ்டீபன்ஸ் என்ற மகளிர் கல்லூரியும் இருக்கிறது. எதிரே நிற்கும் கிராக்கியைத் தானே திருப்பி அனுப்பிய கணக்கு அது. பின்னாளில்தான் அந்தக் கதவு திறந்தது.