வில்லையில் படரும் பூசணம்

தோல் செருப்பில் பூசணம் பூப்பது கூலிம் வாசிகளுக்குப் புதிதன்று. கண்ணாடியிலும் அது படரும் என்றால் சிலர் வியப்பர். பெட்டியில் பல்லாண்டு பூட்டிக் கிடந்த காமிராவின் வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற வெண்ணிழைகள் தெரிந்தால் அது பூசணமே.

நம் நாட்டுக் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. இவ்வீரத்தில் முளைக்கும் பூசணம், தூசியையும் பிசுக்கையும் உண்டு, அமிலம் சுரந்து, வில்லையின் மேற்பூச்சையும் பின்னர்க் கண்ணாடியையும் அரிக்கிறது. அரித்த வடு மறையாது. ஆதலால் காலம் தாழ்த்தலாகாது.

வீட்டில் பிரிக்கலாமா? அமைப்பை அறிந்தவர் ஓரளவு பிரிக்கலாம். சைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் 1902-இல் வகுத்த டெஸ்ஸாரை எடுத்துக்கொள்வோம். அதில் கண்ணாடிகள் நான்கு. பின்னிரண்டும் ஒட்டுப்பசையால் இணைந்தவை. அவ்விணையைத் திரவத்தில் ஊறவைத்தால் பசை கெடக்கூடும். அதனுள்ளே பூசணம் புகுந்திருந்தால் நாம் கைவைக்கலாகாது.

வெள்ளைத் துணி விரித்து வேலையைத் தொடங்குக. பெயர் பொறித்த முன்வளையத்தை ரப்பர் அடைப்பானை அழுத்தித் திருகிக் கழற்றலாம். கத்தி முனை வழுக்கினால் கண்ணாடி கீறும். ஜப்பானியக் காமிராவின் திருகுகளுக்கு அந்நாட்டு அளவிலான திருப்புளியே பொருந்தும். ஒவ்வொரு கண்ணாடியும் எப்பக்கம் நோக்கியிருந்தது என்பதைக் கைபேசியில் படமெடுத்து, கழற்றிய வரிசையிலேயே வைத்திடுக. தூசியை ஊதி நீக்கிய பின்னரே, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்தாளால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைக்க வேண்டும்.

குவியத்தைச் சரிசெய்யும் மறையைத் தேவையின்றிப் பிரிக்காதீர். அதில் பல புரிகள் உண்டு. தவறான புரியில் பூட்டினால் தொலைவுக் காட்சி தெளியாது. பிரித்தே தீர வேண்டுமாயின், இரு வளையங்களும் விலகும் இடத்தில் முதலிலேயே அடையாளமிடுக.

இன்னொரு எச்சரிக்கை: அசாகி நிறுவனத்தின் பழைய டாக்குமார் வில்லைகள் சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. அது சிறிதளவு கதிர் வீசும். துடைக்கலாம், தேய்த்து மெருகேற்றிப் பொடியாக்குதல் கூடாது.

துடைத்த வில்லையை மீண்டும் தோலுறையில் இட்டால் பூசணமும் மீண்டும் வரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, அவ்வப்போது எடுத்துப் பயன்படுத்துக. தோட்டத்துத் திருமணங்களையும் திருவிழாக்களையும் கண்ட கண் அது, பேரப்பிள்ளைகளையும் காணட்டும்.