எள்ளு, கொள்ளு, ஊசி

அக்கா வீட்டு ஃபிரிட்ஜில் இட்லி மாவுப் பாத்திரத்துக்கு மேல் தட்டில் ஒரு பேனா படுத்திருக்கிறது. எழுதுகிற பேனா இல்லை, எடை குறைக்கும் ஊசிப் பேனா. ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் அதை எடுத்து, வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து ஒரு குத்து. முடிந்தது அந்த வாரத்துக்கு. ஆனால் அந்த ஒற்றைப் பேனாவோடு வந்த சொந்தக்காரர்கள்தான் வீட்டை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். சாமி அலமாரிக்குப் பக்கத்துத் தட்டில் புரோட்டீன் பவுடர் டின், மல்டிவைட்டமின், பி12, கால்சியம், முடிக்குப் பயோட்டின் மிட்டாய், தோலுக்குக் கொலாஜன் பவுடர், மலச்சிக்கலுக்கு இசப்கோல். எண்ணிப் பார்த்தேன், ஏழு.

அக்கா என் பெரியம்மா மகள். இதே அக்காவுக்கு 1989ல் ஒரு தட்டு நிறைய டப்பாக்கள் இருந்தன என்பதுதான் வேடிக்கை. பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு, "பொண்ணு ரொம்ப ஒல்லி" என்று சொல்லிப் போனார்கள். மறுநாளே பெரியம்மா களத்தில் இறங்கினார். காலையில் ஹார்லிக்ஸ், மாலையில் எள்ளுருண்டை, வாரம் இரண்டு நாள் நல்லெண்ணெய் மிதக்கும் உளுந்தங்களி, ராத்திரி மீன் எண்ணெய் மாத்திரை, சாப்பாட்டுக்கு அப்புறம் பசி எடுக்க ஒரு டானிக். பெண் பூசினாற்போல் இருக்க வேண்டும். அதுதான் அன்றைய அழகு, அதுதான் ஆரோக்கியம். ஊருக்குப் போய் வந்தவரைப் பார்த்து "என்ன இப்படி இளைச்சுட்டே?" என்றால் அது துக்கம் விசாரிப்பது மாதிரி. இன்று அதே கேள்விக்கு அக்கா வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார். சத்து டப்பா என்றால் சதை போடுவதற்கு என்றிருந்த காலம் போய், சதை குறைகிறவர்தான் சத்து டப்பா வாங்க வேண்டும் என்றாகிவிட்டது.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். கொழுத்தவர்களுக்குக் கொள்ளு போதாது என்று மருந்து வந்தபோது எங்கள் குடும்பத்தில் முதலில் சிக்கியவர் பெரியப்பா. 2005 வாக்கில் மருத்துவர் அவருக்கு ஆர்லிஸ்டாட் எழுதிக் கொடுத்தார். 1999ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாத்திரை. பசியை அது தொடவே தொடாது. குடலில் கொழுப்பை உடைக்கிற நொதியைத் தடுத்து, சாப்பிட்ட கொழுப்பில் ஏறத்தாழ 30 சதவீதத்தை அப்படியே வெளியே தள்ளிவிடும். பெரியப்பா வெள்ளை வேட்டிக்காரர், மெதுவடைப் பிரியர். இந்த இரண்டும் ஆர்லிஸ்டாட்டோடு ஒத்துப்போகாது என்பதை ஒரு கல்யாணப் பந்தியிலிருந்து அவசரமாக எழுந்தபோது தெரிந்துகொண்டார். அதற்கு மேல் எழுத மாட்டேன், பெரியப்பா இப்போது இல்லை.

அந்த மாத்திரையோடு ஒரு மல்டிவைட்டமினும் எழுதியிருந்தார்கள். காரணம் நேரானது. ஏ, டி, இ, கே ஆகிய நான்கு வைட்டமின்களும் கொழுப்பில் கரைபவை. கொழுப்பு வெளியேறினால் அவையும் கூடவே போய்விடும். அதனால் இரண்டு மணி நேரமாவது தள்ளி, முடிந்தால் படுக்கப் போகும்போது வைட்டமினைப் போட வேண்டும். பெரியப்பா எல்லாவற்றையும் ஒரே வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். திருடனையும் காவல்காரனையும் ஒரே அறையில் பூட்டிய கதைதான். மூன்று மாதத்தில் மாத்திரையை விட்டார், வடையை விடவில்லை. ஆனாலும் அந்தக் காலத்துக் கணக்கில் ஒரு தெளிவு இருந்தது. மருந்து எதைத் திருடுகிறது என்று தெரியும், திருடியதைத்தான் ஈடுகட்டினார்கள்.

இன்றைய ஊசிகள் வேறு ஜாதி. செமாக்ளூட்டைடு, டிர்செபடைடு போன்றவை, சாப்பிட்டதும் குடலில் சுரக்கிற ஹார்மோனைப் போல நடிப்பவை. இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, மூளைக்கு "போதும்" என்று செய்தி போகிறது. சாப்பிட்டது எதுவும் வீணாவதில்லை. சாப்பிடுவதுதான் இல்லை. அக்கா சொல்வதைக் கேளுங்கள்: "பசிக்கவே மாட்டேங்குதுடா தம்பி. மறந்து போயிடக் கூடாதுன்னு அலாரம் வச்சுச் சாப்பிடறேன்." ஒன்றரை இட்லியோடு தட்டை நகர்த்திவிடுகிறார். ஒரு காலத்தில் ஆறு.

இங்கேதான் நம் சாப்பாட்டுத் தட்டின் பழைய ஓட்டை தெரிய வருகிறது. சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் நடத்திய "இந்தியாப்" (INDIAB) கணக்கெடுப்பின்படி, நாம் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து, புரதம் வெறும் 12 சதவீதம். வயிறு நிறையச் சாப்பிட்டபோது இது உறைக்கவில்லை. அக்கா இப்போது ஒரு நாளைக்கு 1,200 கலோரி சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 சதவீதம் என்றால் 36 கிராம் புரதம். இம்மாதிரி ஊசி போடுகிறவர்களுக்கு அமெரிக்காவின் உடல்பருமன், ஊட்டச்சத்து அமைப்புகள் 2025ல் சொன்ன அளவு, எடையில் கிலோவுக்கு 1.2 கிராமிலிருந்து தொடங்குகிறது. 78 கிலோ அக்காவுக்கு 90 கிராமுக்கு மேல். ஒரு இட்லியில் இருப்பது இரண்டு கிராம். ஒரு முட்டையில் ஆறு. கணக்கு எங்கே உதைக்கிறது என்று புரியும்.

புரதம் குறைந்தால் என்ன ஆகிவிடும்? 2021ல் வெளியான செமாக்ளூட்டைடு ஆய்வில் 1,961 பேர் கலந்துகொண்டார்கள். 68 வாரத்தில் ஊசி போட்டவர்களின் எடை சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. அவர்களில் ஒரு சிறு குழுவை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் கொழுப்பல்லாத எடை. அதில் நீரும் பிற திசுக்களும் உண்டு, எல்லாமே தசை இல்லை. ஆனால் தசையும் உண்டு. தராசு இதைப் பிரித்துச் சொல்லாது. ஐந்தாம் மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பதினொரு கிலோ குறைந்த மகிழ்ச்சியில் இருந்தார். தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தவர், எழுந்திருக்கும்போது ஒரு கையால் சுவரையும் மறு கையால் என் தோளையும் பிடித்தார். பருமனாக இருந்தபோது அப்படிப் பிடித்ததில்லை.

அதற்கு அப்புறம்தான் பவுடர் டின் வந்தது. முதல் நாள் சத்துமாவுக் கஞ்சி என்று நினைத்து, கொதிக்கிற பாலில் கொட்டிக் கிண்டிவிட்டார். எவர்சில்வர் டம்ளரில் திரிதிரியாகத் திரண்டு, பால் திரிந்த மாதிரி ஆகிவிட்டது. ஆறின மோரில் கலக்கக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் பிடித்தது. பவுடரை நான் பழிக்க மாட்டேன். மூன்று வாய்க்கு மேல் இறங்காதவருக்கு ஒரு கரண்டியில் இருபது கிராமுக்கு மேல் புரதம் கிடைப்பது பெரிய உதவி. ஆனால் சர்க்கரை நோயோடு சிறுநீரகமும் சோர்ந்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. இதைக் கடைக்காரர் சொல்வதில்லை.

பி12 மாத்திரைக்கும் நியாயம் இருக்கிறது. அக்கா பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார், அது பி12 அளவைக் குறைக்கும். சைவமாக இருந்தால் இன்னும் கஷ்டம். ஊசியால் வரும் வாந்தி நாள்கணக்கில் நிற்காவிட்டால் தயமின் என்கிற பி1 குறைந்து மூளையையே பாதிக்கலாம். அதற்கு மாத்திரை தேடிக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

மீதி டப்பாக்களைப் பற்றித்தான் எனக்கு வழக்கு. எடை வேகமாக இறங்கினால் சில மாதங்களில் முடி கொட்டும். பெரும்பாலும் தானே திரும்ப வளரும். சீப்பில் கொத்தாக வருவதைப் பார்க்கிறவர் அதுவரை பொறுப்பாரா? பயோட்டின் மிட்டாய் வாங்கினார். அதிக அளவு பயோட்டின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தப்பாகக் காட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017லேயே எச்சரித்திருக்கிறது. தைராய்டு முடிவு மட்டுமல்ல, மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையும் பிசகலாம். அக்காவின் தைராய்டு முடிவு ஒருமுறை தாறுமாறாக வந்து, இரண்டு வாரம் வீடே கவலையில் இருந்தது. மிட்டாய் விஷயத்தை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கொலாஜனுக்கு இன்னும் பழைய கதை இருக்கிறது. 1976ல் அமெரிக்காவில் ராபர்ட் லின் என்ற மருத்துவர் ஒரு புத்தகம் எழுதி, திரவப் புரதத்தை மட்டும் குடித்து இளைக்கலாம் என்றார். மாட்டுத்தோலையும் ஜவ்வையும் கரைத்து எடுத்த கொலாஜன் அது. உடம்புக்கு வேண்டிய டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் கொலாஜனில் கிடையாது. அடுத்த ஓரிரண்டு ஆண்டுகளில் இந்த வகைத் திரவத்தோடு தொடர்புடைய 50க்கும் மேற்பட்ட மரணங்கள் பதிவாயின, பலருக்கு இதயத்துடிப்பு தடம் புரண்டது. இன்று கொலாஜனை யாரும் முழு உணவாகக் குடிப்பதில்லை, அதனால் அந்த ஆபத்தும் இல்லை. ஆனால் "கொலாஜனும் புரோட்டீன்தானே" என்று அக்கா அன்றைய 90 கிராமில் அதையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தார். தசையைக் காப்பாற்ற அது போதாது.

இந்த வியாபாரம் அக்கா வீட்டோடு நிற்கவில்லை. 2024ல் அமெரிக்காவில் நெஸ்லே இந்த ஊசிக்காரர்களுக்கென்றே உறைநிலை உணவு வரிசை ஒன்றை இறக்கியது. சத்து மாத்திரை விற்கும் ஜிஎன்சி கடைகள் இவர்களுக்கு மட்டும் தனி அலமாரி வைத்தன. நம்மூரில் ஊசிகள் 2025ல்தான் எடைக்குறைப்புக்கென்று வந்தன. செமாக்ளூட்டைடின் காப்புரிமை இங்கே 2026 மார்ச் வரைதான். விலை இறங்க இறங்க அலமாரிகள் நீளும், எனக்குச் சந்தேகமே இல்லை.

அக்காவின் தட்டு இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. முதலில் முட்டை அல்லது சுண்டல், பிறகு காய், கடைசியில் வயிற்றில் இடமிருந்தால் சோறு. வாரம் மூன்று நாள் கொள்ளு. ஐம்பது கிராம் கொள்ளில் பதினோரு கிராம் புரதம், மலச்சிக்கலுக்கு நார்ச்சத்தும் கூட. பழமொழி சொன்னவருக்குப் புரதக் கணக்கு தெரிந்திருக்காது. தினமும் இருபது நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து எழுகிறார், இரண்டு தண்ணீர் பாட்டில்களைத் தூக்குகிறார். தசைக்கு வேலை கொடுக்காமல் புரதம் மட்டும் ஊற்றினால் பயனில்லை என்று பயிற்சியாளர் சொன்னாராம்.

அந்த ஏழு டப்பாக்களில் இன்று மீதமிருப்பவை நான்கு. குறைத்தது மருத்துவர். அதற்கு அக்கா செய்ததெல்லாம், எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போய் அவர் மேசையில் கொட்டியதுதான். உங்கள் வீட்டிலும் ஊசிப் பேனா இருந்தால், அடுத்த முறை போகும்போது ரிப்போர்ட் ஃபைலோடு அந்தப் பையையும் எடுத்துக்கொள்ளுங்கள்.