வராத அழைப்பு

கைப்பேசி அதிர்ந்தது போல் தோன்றும்; எடுத்துப் பார்த்தால் அழைப்பே இராது! அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகர மருத்துவமனை ஒன்றில் பேஜரோ கைப்பேசியோ வைத்திருந்த 169 ஊழியர்களுள் 115 பேர் இதை உணர்ந்ததாக 2010-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது.

காரணம் யாது? ஆடை உரசினாலும் தசை துடித்தாலும் தோலின் நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மற்ற வேளைகளில் மூளை அதைப் பொருட்படுத்தாது. அழைப்பை எதிர்பார்த்திருக்கும்போதோ, ஓர் அழைப்பைத் தவறவிடுவதைவிடப் பலமுறை ஏமாறுவதே மேல் என எண்ணிக்கொள்கிறது போலும். நோயாளியைக் காக்கும் மருத்துவருக்கு அது பிழையாகுமா?

கைப்பேசியை இடம் மாற்றி வைத்தும் அதிர்வை நிறுத்தியும் அவ்வூழியர் சிலர் விடுபட்டனராம். வெளிநாட்டிலிருக்கும் கணவரின் அழைப்புக்காக இடுப்புச் செருகலைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும் எங்கள் தோழியின் தாயாரிடம் இதைச் சொன்னோம். "இருந்துவிட்டுப் போகட்டும்மா" என்று சிரித்தார்.