பிரம்பைப் பிடுங்கியாச்சு... பதிலுக்கு என்ன கொடுத்தீர்கள்?

முசிறி,

"கண்ணை மட்டும் விட்டுட்டு, தோலை உரிச்சிடுங்க வாத்தியாரே!"

முசிறி, தொட்டியம், தா.பேட்டை பக்கத்து அப்பாமார்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஒரு காலத்தில் சொன்ன வார்த்தை இது. இன்றைக்கு அப்படித் தோலை உரித்தால் வாத்தியார் வேலைக்கே ஆபத்து!

தமிழ்நாட்டில் 2003-லேயே பள்ளிக்கூடங்களில் அடிக்கத் தடை வந்துவிட்டது. 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, 'அடிக்கவும் கூடாது, மனசு நோகச் செய்யவும் கூடாது' என்கிறது. இதற்கான விதிமுறைகளை ஒழுங்காக அமல் செய்யும்படி 2024-ல் சென்னை ஐகோர்ட்டும் உத்தரவு போட்டது.

நல்ல காரியம்தான். ஆனால் பிரம்பு இருந்த இடத்தில் என்ன வந்தது?

பறிபோன உயிர்

2023 மார்ச் மாதம். தொட்டியம் வட்டாரத்தில் ஓர் அரசு பள்ளி. சக மாணவர்களுடன் ஏற்பட்ட தகராறில் 10-ம் வகுப்பு மாணவன் பரிதாபமாக உயிர் இழந்தான். 3 மாணவர்கள் பிடிபட்டார்கள். ஆசிரியர்கள் சஸ்பெண்டு ஆனார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் சாதி வெறி. சக மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு!

அரசு அமைத்த நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும். ஒரு வட்டாரத்தில் எந்தச் சாதி ஆதிக்கமோ, அந்தச் சாதிக்காரரை அங்கே கல்வி அதிகாரியாகப் போடக்கூடாது என்றது. அதாவது, கோளாறு வகுப்பறையில் மட்டும் இல்லை. மேலேயும் பார்க்கணும்!

மூன்று படி

அமெரிக்காவில் ஒரு முறை இருக்கிறது. ஒரிகான் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் 1990-களில் வளர்த்தது. பல ஆயிரம் பள்ளிகளில் நடக்கிறது.

முதல் படி, எல்லாருக்கும். நாலைந்து எளிய விதிகள். பாடம் மாதிரியே சொல்லிக்கொடுத்து, ஒழுங்காக நடக்கிற பையனை அங்கேயே பாராட்டுவார்கள். இரண்டாவது, தடம் மாறும் சிலருக்குச் சிறு குழுவாகக் கவனிப்பு. மூன்றாவது, ரொம்ப முரண்டு பிடிக்கும் ஒன்றிரண்டு பேருக்குத் தனித் திட்டம்.

தகராறு எந்த இடத்தில், எத்தனை மணிக்கு நடக்கிறது என்று கணக்கு எழுதுவார்கள். தண்ணீர்க் குழாயடியில்தான் சண்டை என்றால், அந்த நேரம் அங்கே ஒரு ஆசிரியர் நிற்பார். அவ்வளவுதான்!

இதை ஒரு வாத்தியார் தனியாகச் செய்ய முடியாது. மாவட்ட அதிகாரிதான் பயிற்சி கொடுத்து, கணக்குக் கேட்டு, ஆள் போடணும்.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. 14417 உதவி எண் இருக்கிறது. குழந்தைகளுக்கு 1098 இருக்கிறது. ஆனால் பெட்டியை யார் திறக்கிறார், எப்போது திறக்கிறார், அதற்கு மேல் என்ன நடந்தது? அதைக் கேட்க வேண்டியவர் முதன்மைக் கல்வி அலுவலர்.

தேர்ச்சி சதவீதம் கேட்கும் கூட்டத்தில், "இந்த மாதம் எத்தனை தகராறு? என்ன செய்தீர்கள்?" என்றும் ஒரு கேள்வி கேட்டால் என்ன?

காலையில் பை மாட்டி அனுப்பும் பிள்ளை, சாயந்தரம் முசிறி கைகாட்டியில் பஸ்சை விட்டு முழுசாக இறங்கணும். பெற்றவர்கள் கேட்பது அதுதான்!