முகப்பில் கம்பி, மூன்றாங்கட்டில் ஆச்சி

காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி செல்லும் இருப்புப்பாதையில் ‘கண்டனூர் புதுவயல்’ என்று இரண்டு ஊர்களின் பெயரையும் ஒரே பலகையில் தாங்கிய நிலையம் ஒன்று உண்டு. அங்கிறங்கிக் கண்டனூர்த் தெருக்களில் நடப்போரை முதலில் மலைக்க வைப்பது வீடுகளின் நீளமே. ஒரு தெருவில் முகப்பைத் தொடங்கி, அடுத்த தெருவில் கொல்லை வாசலை வைத்து முடித்திருக்கிறார்கள். திண்ணை, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தாலும் வீடு முடியாது; நம் கால்தான் ஓயும்.

பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் தொழில் நடத்திப் பொருளீட்டியோர் கட்டிய இல்லங்கள் இவை. முகப்பு, ஆடவர் அமர்ந்து கணக்கு வழக்குப் பார்க்கும் இடம். பின்கட்டு, பெண்டிர் புழங்கும் இடம். ஆகவே வெளியுலகிலிருந்து வரும் செய்தி எதுவாயினும் முகப்பில்தான் வந்து இறங்கிற்று. கடிதம் அங்கே வந்தது. தந்தி அங்கே வந்தது. (அத்தந்திச் சேவையும் 2013 ஜூலையோடு நம் நாட்டில் நின்றுவிட்டது.) பின்னர் வந்த தொலைபேசியின் கம்பியும் முன்வாசல் வழியாக உள்ளே நுழைந்து முகப்போடு நின்றது. இணையமும் அதே கம்பியில் வந்தபடியால் அதே இடத்தில் நின்றுபோனதை, 2016ஆம் ஆண்டில் அவ்வூர் வீடொன்றில் நேரில் கண்டோம்.

அவ்வீட்டு ஆச்சிக்கு அப்போது வயது எண்பதைக் கடந்திருந்தது. இடுப்பெலும்பு முறிந்தபின் நடமாட்டம் இல்லை, படுக்கை மூன்றாங்கட்டில். மகன் சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஞாயிறுதோறும் கைப்பேசியில் முகம் காட்டிப் பேசுவார். ஆனால் அந்த முகம் தெரிய வேண்டுமானால் ஆச்சியை நாற்காலியோடு தூக்கி முகப்புக்குக் கொண்டுவர வேண்டும். வழியில் உயரமான நிலைப்படிகள் ஐந்து. தூக்க ஆள் இல்லாத ஞாயிறுகளில் பேச்சும் இல்லை. “என் மகன் முகத்தைப் பார்க்க நாலு பேர் தூக்கிக்கிட்டுப் போக வேண்டியிருக்கு, சாமி. கடைசியாப் போற போக்குக்கு இப்பவே பழகிக்கிறேன்” என்று ஆச்சி சிரித்துக்கொண்டே சொன்னார்கள். நம்மால் சிரிக்க இயலவில்லை.

வீட்டார் முயலாமல் இல்லை. கடைக்காரர் ஒருவருடைய சொல்லை நம்பி ‘பூஸ்டர்’ ஒன்றை வாங்கி இரண்டாங்கட்டில் மாட்டியிருந்தார்கள். அதில் விளக்கு எரிந்தது, படம் ஓடவில்லை. எளிய வகைப் பூஸ்டர் ஒரே வானொலியைக் கொண்டு வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும். ஆதலால் வேகம் பாதியாகிவிடும். அது மாட்டப்பட்ட இடத்திற்கே அலை மெலிந்துதான் வந்து சேர்ந்தது. அரைகுறையாய்க் காதில் விழுந்த செய்தியை உரக்கச் சொல்வதனால் அது முழுச்செய்தி ஆகிவிடுமா?

செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்கள், இரசம் பூசிய ஆளுயரக் கண்ணாடிகள், இரும்புப் பெட்டகங்கள் ஆகிய இவை யாவும் கம்பியில்லா அலைகளுக்குப் பகை. சுவர் விழுங்கும், கண்ணாடியும் இரும்பும் திருப்பி அனுப்பும். வைஃபை அலைகளுள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வகை ஓரளவு சுவரைத் தாண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வகைக்கு வேகம் மிகுதி. சுவர் தாண்டும் வலுவோ குறைவு. எவ்வளவு விலை உயர்ந்த பெட்டியை முகப்பில் வைத்தாலும் அவ்வீட்டில் மூன்றாங்கட்டை எட்டியிராது.

அப்படியானால் பெட்டியையே பின்கட்டுக்கு மாற்றினால் என்ன என்று கேட்கலாம். அதற்கு விடை காண, அப்பெட்டிக்குள் நடப்பதனை அறிய வேண்டும். தொலைபேசிக் கம்பியில் நம் பேச்சொலி செல்வதற்கு நொடிக்கு 4,000 அதிர்வு வரையுள்ள இடமே போதும். அதற்கு மேற்பட்ட இடம் நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்தது. ஏறத்தாழ 25,000 அதிர்வு முதல் 11 இலட்சம் வரையிலும், பிற்காலத்து ஏ.டி.எஸ்.எல்.2+ முறையில் 22 இலட்சம் வரையிலும், அவ்விடத்தில் இணையத்தை ஏற்றி அனுப்புவதே டி.எஸ்.எல். எனப்படுவது. பி.எஸ்.என்.எல். நிறுவனம் 2005 ஜனவரியில் இம்முறையிலான அகலக்கற்றைச் சேவையைத் தொடங்கிற்று. செம்புக்கம்பியில் தூரம் கூடக்கூட வேகம் குறையும். கம்பியின் ஒட்டுகளில் நீர் புகுந்தாலும் குறையும். வீட்டிற்குள் பழைய தொலைபேசிக் கம்பியை ஒட்டுப்போட்டு இன்னும் நீட்டினால், வந்த வேகத்தையும் நாமே கெடுத்தவராவோம். ஆகவே கம்பி நுழையும் இடத்திலேயே மோடம் இருப்பதுதான் முறை.

ஆனால் அப்பெட்டிக்குள் மோடம் மட்டுமா இருக்கிறது? மூன்று வேலையாட்கள் ஒரே அறையில் இருக்கிறார்கள். கம்பியில் வரும் அதிர்வைப் படித்துச் செய்தியாக்குபவர் மோடம். அச்செய்தியை இன்ன கருவிக்கு இன்னது என்று பிரித்து அனுப்பும் கணக்கப்பிள்ளை ரவுட்டர். அதனைக் காற்றில் கூவிச் சொல்பவர் வைஃபை. முதலாமவர் முகப்பை விட்டு நகரலாகாது. கூவுபவரோ, கேட்பவர் அருகில் நிற்க வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்து ஒரே இடத்தில் வைத்ததுதான் ஆச்சியின் துன்பத்திற்குக் காரணம். மோடத்தை முகப்பிலேயே விட்டுவிட்டு, தனியாக ஒரு கம்பியில்லா ரவுட்டரை வாங்கி மூன்றாங்கட்டில் வைத்து, இரண்டையும் ஒரு கேபிளால் இணைப்பதென்று முடிவு செய்தோம்.

கேபிளைக் கொண்டு செல்வதுதான் பெரும்பாடாயிற்று. ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை குறைவின்றிச் செய்தியைக் கொண்டு செல்லும். அளந்து பார்த்ததில் ஏறி இறங்கி வளைந்து 72 மீட்டர் தேவைப்பட்டது. தூரத்தால் தடையில்லை, தடை சுவரிலே இருந்தது. துளையிடலாமே என்றதும் வீட்டார் பதறினார்கள். வீடு பங்காளிகள் அனைவர்க்கும் பொது. ஒரு சுவரில் துளை போட வேண்டுமானால் பினாங்கிலும் சென்னையிலும் உள்ளவர்களைக் கேட்க வேண்டும். அவர்கள் அச்சத்தில் நியாயமும் உண்டு. பளிங்குபோல் மெருகேற்றிய அச்சுண்ணாம்புப் பூச்சு ஒருமுறை உடைந்தால் அதேபோல் பூசுவதற்குக் கைதேர்ந்த கொத்தனாரைத் தேட வேண்டும். செட்டிநாட்டு வணிகர்களின் ஊர்த்தொகுதிகளை 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்ததற்கு இத்தகைய சுவர்களும் காரணமல்லவா? முடிவில், கதவுகளுக்கு மேலுள்ள காற்றுச் சாளரங்கள் வழியாகவும், வளவைச் சுற்றிய தாழ்வாரத்தின் தேக்கு உத்தரங்கள் மேலாகவும் கேபிளைக் கொண்டு சென்றோம். மின்கம்பியிலிருந்து ஒரு சாண் தள்ளியே சென்றது. அணில் கடிக்கக்கூடிய இடங்களில் குழாய்க்குள் விட்டோம். ஓர் ஆணிகூட அடிக்கவில்லை.

இனி இணைப்பு. முதற்கண், சுவரிலுள்ள தொலைபேசிப் பெட்டியிலிருந்து வரும் கம்பி ‘ஸ்பிளிட்டர்’ என்னும் சிறு பிரிப்பானுக்குச் செல்ல வேண்டும். அதன் ஒரு வாயிலிருந்து தொலைபேசிக்கும் மற்றொன்றிலிருந்து மோடத்திற்கும். இப்பிரிப்பான் இல்லையேல் பேச்சில் இரைச்சல் கேட்கும். மணி அடிக்கும்போதெல்லாம் இணையம் அறுபடும். மோடத்தில் டி.எஸ்.எல். விளக்கு அசையாமல் எரிந்து, நிறுவனம் தந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதில் பதிந்து, அதனோடு நேரே இணைத்த கணினியில் இணையம் ஓடிய பின்னரே ரவுட்டரைத் தொட வேண்டும். இவ்வொழுங்கை மாற்றினால், கோளாறு எங்கே என்பது தெரியாமல் திண்டாட நேரும்.

மோடத்தின் பின்புறமுள்ள ‘லேன்’ துளைகளுள் ஒன்றிலிருந்து கேபிள் புறப்பட வேண்டும். ரவுட்டரில் தனித்து நிற்கும் ‘வேன்’ துளையில் சென்று சேர வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் இணையம் வரவில்லை. வளவுக்கும் மூன்றாங்கட்டுக்கும் நாம் நடந்த நடை கொஞ்சமன்று. கேபிள் பழுதென்று எண்ணி இரு முனைகளையும் மாற்றியும் பார்த்தோம். பிறகுதான் உறைத்தது. மோடத்தின் முகவரி 192.168.1.1, புதிய ரவுட்டரின் முகவரியும் அதுவே. ஒரே தெருவில் ஒரே விலாசத்தோடு இரண்டு வீடுகள் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ரவுட்டரின் பக்கத்தைக் கணினியில் திறந்து, அதன் முகவரியை 192.168.2.1 என்று மாற்றிச் சேமித்தோம். அடுத்த நிமிடமே பச்சை விளக்கு எரிந்தது. இப்பணியில் ஈடுபடுவோரில் பலர் இடறுவது இக்கல்லில்தான்.

வேறு வழிகளும் உண்டு. மோடத்தைப் ‘பிரிட்ஜ்’ முறையில் வெறும் பாலமாக்கி, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ரவுட்டரிலேயே பதியலாம். ஆனால் நாளை மோடம் மாறினால் பின்கட்டு வரை சென்று சரிபார்க்க நேரும். நாம் அதனை விரும்பவில்லை. முகப்பிலும் ஆள் புழக்கம் இருந்தமையால் மோடத்தின் வைஃபையை அணைக்காமல் 1ஆம் அலைவரிசையில் விட்டு, ரவுட்டருக்கு 11ஆம் அலைவரிசையை ஒதுக்கினோம். சிறு வீடாயின் மோடத்தின் வைஃபையை அணைத்துவிடுவதே நன்று. ரவுட்டரை அலமாரிக்குள் ஒளித்து வைப்பது பலருடைய வழக்கம். அழகுக்காகச் செய்வதாம்! அதனை ஆச்சியின் அறை வாசலுக்கு எதிரே, ஆளுயரத்திற்கு மேலுள்ள பலகையில் திறந்தபடி வைத்தோம்.

கடவுச்சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கருவியோடு வரும் ‘அட்மின்’ என்னும் சொல்லை அப்படியே விட்டுவைப்பது, கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். 2017 ஜூலையில் நம் நாட்டில் அகலக்கற்றை மோடங்களைத் தீநிரலொன்று தாக்கியபோது சிக்கியவை அவ்வாறு மாற்றப்படாது கிடந்தவையே. மின்னேற்றிகளிலும் கவனம் தேவை. மோடத்தினதும் ரவுட்டரினதும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஒன்று 12 வோல்ட்டாகவும் மற்றது 9 வோல்ட்டாகவும் இருக்கக்கூடும். ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் மின்செருகியை மட்டுமன்றித் தொலைபேசிக் கம்பியையும் கழற்றிவிட வேண்டும்; செம்புக்கம்பி வழியாகவும் மின்னல் உள்ளே வரும்.

முதல் ஞாயிறன்று ஆச்சி படுக்கையில் சாய்ந்தபடியே பேசினார்கள். பேச்சு ஒரு மணி நேரத்தைத் தாண்டிற்று. நாம் வெளியே தாழ்வாரத்தில் காத்திருந்தோம்.

2022இல் அத்தெருவில் செம்புக்கம்பியை நீக்கிக் கண்ணாடி இழையைக் கொண்டுவந்தார்கள். முகப்பிலிருந்த மோடம் போய், ஓ.என்.டி. என்னும் வேறொரு பெட்டி அங்கே அமர்ந்தது. வந்தவர்கள், வீடு முழுவதும் கம்பி மாற்ற வேண்டுமோ என்று தயங்கினார்கள். புதிய பெட்டியின் முகவரி 192.168.1.1 என்பதனை மட்டும் பார்த்துக்கொண்டு, பழைய கேபிளின் முனையை அதன் லேன் துளையில் செருகினோம். ரவுட்டரைத் தொடவே இல்லை. அன்று ஞாயிறு. மூன்றாங்கட்டில் வழக்கமான நேரத்தில் மணி அடித்தது. முகப்பில் ஏதேனும் மாறியது ஆச்சிக்குத் தெரியாது. மகன் மெலிந்துவிட்டார் என்பது ஒன்றே அவர்களுக்கு அன்றைய குறை.