தூரிகை நுனியில் ஒரு விமானம்

பாகம் பாகமாகப் பெட்டியில் வரும் பிளாஸ்டிக் மாதிரி விமானத்தை ஒட்டிப் பொருத்துவதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். அதற்குக் கையால் நிறம் தீட்டி, உண்மை விமானம் போலத் தோன்றச் செய்வதற்கோ இரண்டு மூன்று வாரங்களாவது செல்லும். என் நாநாவிடம் கற்றுக்கொண்ட இக்கலையை விடுமுறை நாட்களில் நான் தொடர்ந்து செய்து வருகிறேன். "இது ஆண்பிள்ளைகளின் பொழுதுபோக்கு அல்லவா?" என்று சிலர் கேட்பதுண்டு. பெருநாள் இரவில் மருதோன்றிக் கூம்பைப் பிடித்து மயிரிழை போலக் கோடு இழுக்கத் தெரிந்த கைகளுக்கு இது புதிய வேலையே அல்ல.

நான் தீட்டுவது 1:72 அளவிலான ஹரிக்கேன் போர்விமானம். உண்மையில் ஏறத்தாழ 12.2 மீற்றர் அகலமுள்ள அதன் இறக்கை, மாதிரியில் 17 சென்ரிமீற்றர் மட்டுமே. இவ்விமானத்தைத் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, இரத்மலானையிலிருந்தும் கொழும்பு குதிரைப் பந்தயத் திடலில் அமைக்கப்பட்ட ஓடுபாதையிலிருந்தும் எதிர்த்தெழுந்தவற்றில் பெரும்பாலானவை ஹரிக்கேன்களே. அவற்றில் பல திரும்பவில்லை. நகரிலும் பல உயிர்கள் பலியாயின. ஆகவே, இது எனக்கு நம் நாட்டு வரலாற்றின் ஒரு பக்கமாகவே தெரிகிறது. நிறத்தைப் பிழையாகத் தீட்டினால் அந்தப் பக்கமும் பிழையாகிவிடும்.

எனவே தூரிகையைத் தொடுமுன் தேடிப் படிக்க வேண்டும். என்னிடமுள்ள பெட்டி, 1940இல் பிரித்தானியாவில் பறந்த விமானத்துக்குரியது. அதன் மேற்புறம் கடும்பச்சையும் மண்ணிறமும் கலந்தது. மேலிருந்து நோக்கும் எதிரிக்கு அது வயல்வெளியோடு ஒன்றிப்போகும். அடிப்புறம் வெளிறிய வானத்தின் சாயல். வட்டச் சின்னங்களும் காலத்தைச் சொல்லக் கூடியவை. நடுவிலுள்ள சிவப்பு, யப்பானியரின் செஞ்சூரியச் சின்னமென மயக்கம் தரலாம் என்பதால், பின்னாளில் ஆசியப் போர்முனையிலிருந்த பிரித்தானிய விமானங்களிலிருந்து அது நீக்கப்பட்டது. அந்தப் பிற்காலச் சின்னத்தை 1940ஆம் ஆண்டு விமானத்தில் ஒட்டினால், எவ்வளவு அழகாகத் தீட்டியிருந்தாலும் அது பொய்யே.

இனி வேலைக்கு வருவோம். பாகங்களை முதலில் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் கலந்த நீரில் கழுவ வேண்டும். அச்சிலிருந்து எடுத்தபோது ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நிறம் பிடிக்காது. சட்டத்திலிருந்து வெட்டியெடுத்த இடத்தில் எஞ்சும் சிறு முனைகளை மென்மையான உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும்.

அடுத்தது விமானியின் அறை. உடலின் இரு பாதிகளையும் ஒட்டுவதற்கு முன்பே அதன் உட்புறத்தைச் சாம்பல் கலந்த பச்சையில் தீட்ட வேண்டும். பெட்டியில் விமானியின் சிறிய உருவமும் வரும். எங்கள் வீட்டில் உருவங்கள் வைப்பதில்லை என்பதால் அதை நான் ஒட்டுவதில்லை. இருக்கை வெறுமையாகத் தெரிவதால், மெல்லிய கடதாசிக் கீற்றுகளை மங்கலான மஞ்சளில் தீட்டி இருக்கைப் பட்டிகளாக வைப்பேன். மேலே கண்ணாடி மூடியதும் இதில் பாதிகூட வெளியே தெரியாது. "பிறகு எதற்கு இந்தப் பாடு?" என்பார் உம்மா. யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் செய்வதைச் செம்மையாகச் செய்வதை இஹ்ஸான் என்று நமக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான்.

பின்னர் சாம்பல் நிற அடிப்பூச்சு. அதன்மேல் பிரதான நிறங்கள். அக்ரிலிக் வர்ணத்தைப் பால் பதத்துக்கு நீர்த்து, மெல்லிதாக இரண்டு மூன்று தடவை பூச வேண்டும். ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் என்னவாகும்? ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குத் தடிப்பு, இந்த அளவுத்திட்டத்தில் 7 மில்லிமீற்றருக்குச் சமம். அத்தனை தடிப்பாக எந்த விமானத்துக்கும் வர்ணம் பூசுவதில்லை! நுண்ணிய கோடுகளெல்லாம் அதற்குள் புதைந்துவிடும். ஒரு பூச்சு நன்கு உலர்ந்த பின்னரே அடுத்ததைத் தொடங்க வேண்டும். நமது மழைக்காலத்தில் இதற்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கும்.

இக்கலையின் உயிர் அடுத்த கட்டத்தில்தான் இருக்கிறது. பெரிய விமானத்தில் சூரிய ஒளி தானாகவே நிழலை உண்டாக்கும். மாதிரியின் பள்ளங்களோ மிகச் சிறியவை. அவற்றில் கண்ணுக்குத் தெரியும் நிழல் விழுவதில்லை. ஆகவே, நிழலையும் நாமே தீட்ட வேண்டும். நன்கு நீர்த்த கடும் கபில நிறத்தைத் தகட்டு இணைப்புக் கோடுகளில் ஓடவிட்டு, மிகுதியைப் பஞ்சால் ஒற்றி எடுப்பேன். மேடான விளிம்புகளில், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் வெளிறிய நிறத்தை மெல்லத் தடவுவேன். தூரத்துப் பொருட்களின் நிறம் மங்கித் தெரிவது போல, சிறிய மாதிரியின் நிறத்துக்கும் சிறிது வெண்மை கலக்க வேண்டும். சக்கரங்களுக்குத் தூய கறுப்பைவிடக் கடும் சாம்பலே பொருந்தும்.

பழுதடைந்த தோற்றம் தருவதற்கும் அறிவு வேண்டும். வர்ணம் உரிந்து உலோகம் தெரிவதைக் காட்ட வெள்ளிப் புள்ளிகள் வைப்பது வழக்கம். ஆனால் ஹரிக்கேனின் உடலின் பின்பாதி உலோகத் தகடு அல்ல. சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டிய துணி. அங்கே வெள்ளி தெரிய வழியே இல்லை.

சின்னங்களை ஒட்டுமுன் பளபளப்பான வார்னிஷ் ஒரு தடவை பூச வேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளையாகத் தெரியும். எல்லாம் உலர்ந்த பின் மங்கல் வார்னிஷ் பூசினால் விளையாட்டுச் சாமானின் மினுக்கம் மறைந்துவிடும்.

தொடங்க விரும்பும் தோழியருக்குச் சிறிய பெட்டி ஒன்று, நான்கைந்து நிறங்கள், நல்ல தூரிகைகள் இரண்டு போதும். நீரில் கரையும் வர்ணமாயின் வீட்டில் மணமும் குறைவு. கூரிய கத்தியைக் கையாளும்போது தங்கைமார் அருகில் பெற்றோர் இருப்பது நல்லது. வேலை முடிந்ததும் ஒரு சிறு அட்டையில் விமானத்தின் வகையையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். என் அட்டையில் 'ஹரிக்கேன், பிரித்தானியா, 1940' என்றே இருக்கிறது. 'கொழும்பு, 1942' என்று எழுத எனக்கும் ஆசைதான். அதற்கு அந்த ஆண்டுக்குரிய இன்னொரு பெட்டியை வாங்கி, மீண்டும் தேடிப் படிக்க வேண்டும்.