அத்தை போட்ட காப்பி

"உனக்குக் காப்பி போடத் தெரியுமா?" என்று யாராவது நம்மைப் பார்த்துக் கேட்டால் கோபம் வருமா, வராதா? எனக்கு வரும். முப்பது வருஷமாகக் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைத்தானே செய்து கொண்டிருக்கிறேன்! ஆனால் சென்ற தை மாதம் அனந்தபுரத்தில் என் அத்தை வீட்டில் ஒரு டம்ளர் காப்பி குடித்த பிறகு, அந்தக் கோபம் கொஞ்சம் அடங்கித்தான் போயிற்று.

அனந்தபுரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். செஞ்சிக் கோட்டை தெரியுமல்லவா? அதற்குப் பக்கத்து ஊர். 2025-ம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டு சேர்க்கப்பட்டன. அவற்றில் தமிழ் நாட்டிலிருந்து இடம் பெற்றது செஞ்சி ஒன்றுதான். அதைக் கேட்டதிலிருந்து என் பெண், "அம்மா, அத்தைப் பாட்டி ஊர்தானே, ஒரு நடை போய் வரலாம்" என்று நச்சரித்துக் கொண்டிருந்தாள். போனோம். ராஜகிரி ஏறி இறங்கி, கால்கள் இரண்டும் கெஞ்ச, சாயங்காலம் அத்தை வீட்டுத் திண்ணையில் வந்து விழுந்தோம்.

"வா கண்ணு. மலை ஏறின கால் வலிக்குமே! இரு, ஒரு வாய் காப்பி போடறேன்" என்றாள் அத்தை.

"பில்டரில் டிகாக்ஷன் இருக்கிறதா, அத்தை?"

"பில்டரா? அது பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கு. அதனால் என்ன?"

எனக்குச் 'சப்'பென்று ஆகிவிட்டது. என் வீட்டில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் விலை போட்டு என் பெண் வாங்கிக் கொடுத்த காப்பி மிஷின் ஒன்று இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் புஸ் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டுக் கொண்டு காப்பி கொடுக்கும். அதிலேயே ஒரு நாள் கசக்கிறது, ஒரு நாள் கழுநீராக இருக்கிறது. பில்டர்கூட இல்லாமல் அத்தை என்ன காப்பி போடப் போகிறாள்?

இரண்டு பாத்திரம், ஒரு துணி

அத்தை அடுப்பில் தண்ணீர் வைத்தாள். அது தளதளவென்று கொதித்ததும் இறக்கி, ஒரு அரை நிமிஷம் சும்மா விட்டாள். இன்னொரு பாத்திரத்தைச் சுடுநீர் விட்டுக் கழுவிச் சூடாக்கி, அதில் பொடியைப் போட்டாள். கொதி அடங்கிய நீரை அதன்மேல் ஊற்றி, ஒரே ஒரு முறை கரண்டியால் கிளறித் தட்டுப் போட்டு மூடினாள். ஐந்து நிமிஷம் கழித்து வெள்ளைத் துணியில் வடிகட்டினாள். துணியை முறுக்கிப் பிழியவில்லை. தானாக வடிந்தது போதும் என்று விட்டுவிட்டாள். அதற்குள் பக்கத்து அடுப்பில் பால் பொங்கிற்று. கலந்து, ஒரே ஒரு ஆற்று ஆற்றிக் கொடுத்தாள்.

அடாடா! என் பெண் டம்ளரைக் கீழே வைக்கவேயில்லை. "பாட்டி, இதை எப்படிப் போட்டீர்கள்?" என்று சமையலறைக்கே போய் உட்கார்ந்து விட்டாள்.

அத்தை சொன்னதையும், அதற்குக் காரணம் என்ன என்று நான் பிறகு படித்துத் தெரிந்து கொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலாவது, பொடியைக் கொதிக்க விடக் கூடாது. காப்பியின் மணம் சீக்கிரம் ஆவியாகிவிடும் சரக்கு. கொதிக்கக் கொதிக்க மணம் வீட்டுக்குள் பரவும், டம்ளரில் இருக்காது! கசப்பும் துவர்ப்பும்தான் மிஞ்சும். 90 முதல் 96 டிகிரி சென்டிகிரேடு சூடு போதும் என்பது காப்பி நிபுணர்கள் கணக்கு. அத்தை பொறுத்திருந்த அந்த அரை நிமிஷம்தான் அது. ஆறிப்போன டிகாக்ஷனை மறுபடி அடுப்பில் ஏற்றுவதும் இதே குற்றந்தான். பாலைச் சூடாக்குங்கள், டிகாக்ஷனை விட்டு விடுங்கள்.

இரண்டாவது, அளவு. மூன்று சிறிய டம்ளர் காப்பிக்கு மேஜைக்கரண்டியால் குவியலாக மூன்று கரண்டி, அதாவது சுமார் 25 கிராம் பொடி. தண்ணீர் 150 மில்லி. பொடி தன் எடையைப் போல் இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துவிடும். ஆகவே கைக்கு வருவது 100 மில்லி டிகாக்ஷன். ஒரு பங்கு டிகாக்ஷனுக்கு மூன்று பங்கு பால். "கண் அளவு" என்று நாம் பெருமையாகச் சொல்லிக் கொள்கிறோமே, அதுதான் ஒரு நாளைப் போல் ஒரு நாள் இல்லாததற்குக் காரணம்!

மூன்றாவது, துணி. புதுத் துணியானால் முதலில் கொதிநீரில் போட்டுக் கஞ்சியை எடுத்துவிட வேண்டும். பிறகு அதற்குச் சோப்புக் காட்டக் கூடாது. வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்த வேண்டும். காப்பிக் கொட்டையில் எண்ணெய்ப் பசை உண்டு. அது துணியிலும் பில்டரிலும் தங்கினால் சிக்கு நாற்றம் அடிக்கும். பில்டரின் அடித் துவாரங்களையும் வாரம் ஒரு முறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடைத்திருந்தால் பிரஷ் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் ஊற வையுங்கள்.

பில்டர் இருக்கிறவர்களுக்கும் இதே அளவுதான். பொடியை அழுத்தித் திணிக்காமல் லேசாகச் சமப்படுத்தி, முதலில் பொடி நனையுமளவு மட்டும் வெந்நீர் விட்டு, அரை நிமிஷம் கழித்து மீதியை ஊற்றுங்கள். புதுப் பொடியானால் நுரைத்துப் பொங்கும். வறுத்த கொட்டைக்குள் அடைபட்டிருந்த கரியமில வாயு வெளியேறுகிறது. பொடி பழையதில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி. கால் மணி, இருபது நிமிஷத்தில் வடிந்துவிடும். தட்டித் தட்டி அவசரப்படுத்த வேண்டாம்.

பொடி வாங்கும்போது

"எது எப்படியிருந்தாலும் பொடி நல்லதாக இருக்கணும் கண்ணு" என்றாள் அத்தை. செஞ்சிச் சீமையில் நெல்லும் மணிலாவும் விளையும், காப்பி விளையாது. அதற்கு மலைக் குளிர்ச்சி வேண்டும். மெக்காவுக்குப் போய்த் திரும்பிய பாபா புதான் ஏழு விதைகளை ஒளித்துக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் நட்டார் என்பது கர்ண பரம்பரைக் கதை. நம் பக்கத்தில், 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை சேர்வராயன் மலையில் காப்பி பயிரிடச் செய்தார். ஏற்காட்டில் இன்றும் காப்பித் தோட்டங்கள் உண்டு.

அராபிகா மணத்துக்கு, ரோபஸ்டா திடத்துக்கு. ரோபஸ்டாவில் காபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதில் ஒற்றைக் கொட்டையாக உருண்டு விளைந்ததே பீபரி. சிக்கரி என்பது காப்பியே அல்ல. ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்த தூள். குஜராத்தில் பயிராகிறது. நிறமும் கெட்டியும் கொடுக்கும்; காபீன் கிடையாது. சிக்கரி கலந்த பொடியில் காப்பி குறைந்தது நூற்றுக்கு 51 பங்காவது இருக்க வேண்டும் என்பது சட்டம். எத்தனை பங்கு என்று பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருக்கும். நாம்தான் பார்ப்பதில்லை!

ஒரு கிலோவாக வாங்கி வைக்காதீர்கள். நூறு, இருநூறு கிராமாக அரைத்து வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். குளிர்ப் பெட்டியில் வைத்து எடுத்துத் திறந்தால் ஈரம் கோத்துக் கொள்ளும்.

முதல் டிகாக்ஷன் யாருக்கு?

இவ்வளவும் கேட்ட என் பெண், "இதெல்லாம் யார் பாட்டி உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?" என்றாள்.

அத்தை சிரித்தாள். "யாரும் இல்லை. நல்ல காப்பி எப்படி இருக்கும் என்பதே எனக்கு ரொம்ப வருஷம் தெரியாது."

கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் கையால்தான் அந்த வீட்டில் காப்பி. முதல் டிகாக்ஷன் மாமனாருக்கும் மாமாவுக்கும் வந்த விருந்தாளிக்கும். அதே பொடியில் மறுபடி வெந்நீர் விட்டு இறக்கும் இரண்டாவது டிகாக்ஷன் பெண்டுகளுக்கு. எல்லோருக்கும் கொடுத்து முடித்து, ஆறியதை அவள் குடிப்பாள். இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓடிற்று.

ஒரு நாள் மாமா பேப்பர் படித்துக் கொண்டே தவறுதலாக அத்தையின் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டார். முகத்தைச் சுளித்து, "இது என்ன?" என்றார்.

"இதுதான் நான் தினமும் குடிக்கிற காப்பி" என்றாள் அத்தை. அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாமாவும் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலையில் அவரே எழுந்து வந்து, அத்தை பொடி போடுவதைப் பார்த்துக் கொண்டு நின்றாராம். அவள் வழக்கமான அளவைப் போட்டு மூடியபோது, "இன்னும் ஒரு கரண்டி போடு. உனக்கும் சேர்த்து" என்றாராம். அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டாவது டிகாக்ஷன் என்பதே இல்லை.

"என் நாக்குக்கு ருசி தெரிந்த பிறகுதான் கண்ணு, என் கைக்கும் பக்குவம் வந்தது" என்றாள் அத்தை.

சென்னை திரும்பியதும் பரணிலிருந்த பித்தளைப் பில்டரை எடுத்துத் தேய்த்து வைத்தேன். மிஷின் ஒரு மூலையில் ஓய்வெடுத்துக் கொண்டிருக்கிறது.

நாளைக் காலையில் பொடி போடும்போது வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் போடுங்கள். எண்ணும்போது உங்களை விட்டுவிடாதீர்கள்!